காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன்

தம்பி,

நீ கொடுத்தனுப்பிய கலியாணப் பத்திரிகைக் கட்டு நல்லபடியாக வந்து சேர்ந்தது. அச்சு அழகாக இருக்கிறது. பிள்ளையார் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறார். பெங்களூரில் அவரும் ஜிம்முக்குப் போகிறார் போலிருக்கிறது. கட்டோடு, யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று நீ எழுதிய சீட்டும் இருந்தது. நம் வழக்கப்படி குலசாமிக்கு அடுத்தது பங்காளிகளில் மூத்தவருக்கு வைக்க வேண்டும். அந்த இடத்தில் என் அண்ணன், உன் பெரியப்பா பெயர் வர வேண்டும். நீ அங்கே ஒரு கோடு இழுத்து, 'அந்த ஆள் வந்தா நான் மணமேடை ஏற மாட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து அப்படியே உன் அம்மாவுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள் திரும்பி வந்து எழுதிவிட்டுப் போனாளோ என்று ஒரு கணம் பயந்தேன். ஃபோனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நடுவில் நீ "ஒரு நிமிஷம்ப்பா, மீட்டிங்" என்பாய். நானும் தப்பித்தோம் என்று ஃபோனை வைத்துவிடுவேன். இந்தத் தடவை தப்பிக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கடைசி வரி வரைக்கும் படி. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் பாதியில் மடித்து வைக்காதே.

படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தங்க மைனில் ஆள் இறக்குகிற கேஜுக்கும் பூமிக்கடியில் இருக்கிற லெவலுக்கும் நம்பர் எழுதிக்கொண்டிருந்தவன், மைனை மூடியதும் ஊரான் படத்தைப் பார்த்து வரைந்து பிழைக்கிறவன் ஆனேன். உன் படிப்பு, நம் வீட்டு ஓடு, அம்மாவின் மருந்து, எல்லாம் அந்தப் பிழைப்பில் வந்ததுதான். பெங்களூர் கடைக்காரர் ஃபோனில் படம் அனுப்புவார். ராபர்ட்சன்பேட்டையில் அதைப் பெரிதாக அச்சடித்து, மேலே பென்சிலால் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே கட்டம் போட்டு, இரண்டையும் தலைகீழாக நிறுத்திக்கொண்டு வரைவேன். சின்ன வயதில் நீ, "ஏம்ப்பா எல்லாரையும் தலைகீழா தொங்கவிட்டிருக்கே?" என்று கேட்பாய். நேராக வைத்தால் மூக்கு தெரியும், கண் தெரியும், மனசு அதற்குள்ளே போய்விடும், கை தப்பு செய்யும். தலைகீழாக வைத்தால் அது முகமில்லை, இங்கே கொஞ்சம் இருட்டு, அங்கே கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். நகல் எடுக்கிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தொழில் ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் படம் மட்டும் போடவில்லை, இத்தனை வருஷம் குடும்பமும் நடத்தியிருக்கிறேன். அது எப்படி என்று சொல்கிறேன்.

போன ஐப்பசியில் வந்த ஆர்டர் உனக்குத் தெரியும். யாரோ பெரிய வக்கீல் வீட்டு ஹாலுக்கு, கிரேக்க நாட்டுப் புராணத்தில் பழிவாங்குகிற படங்களாகப் பார்த்து நான்கு வேண்டுமாம். பெயர்களெல்லாம் என் வாயில் நுழையாது. முதல் படத்தில், தன்னைக் கைவிட்ட புருஷன் வயிறெரியட்டும் என்று பெற்ற பிள்ளைகளையே கொல்லப்போகிற ஒருத்தி, கையில் கத்தியோடு. இரண்டாவதில், சிநேகிதனைக் கொன்றவனின் பிணத்தைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிற ஒருவன். மூன்றாவதில், மகளைப் பலி கொடுத்த புருஷனை வெட்டிவிட்டுக் கோடாலியோடு திரைச்சீலை ஓரம் நிற்கிற ஒருத்தி. நான்காவது படம் அவளுடைய மகனுடையது. அப்பாவைக் கொன்றதற்காக அம்மாவைக் கொன்றுவிட்டான். தலையெல்லாம் பாம்பாக நெளியும் மூன்று பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, நெஞ்சில் கத்தி குத்தியிருக்கிற அந்த அம்மாவைக் காட்டிக் காட்டிக் கத்துகிறார்கள். அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். மூன்று படங்களும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முடிந்தன. நான்காவது மட்டும் மார்கழி முழுக்க ஸ்டாண்டிலேயே நின்றது.

பொங்கலுக்கு நீ வந்தபோது அதை எடுத்து நேராகத் திருப்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. "இன்னாப்பா, இந்த ஆள் மூஞ்சி உன்னை மாதிரியே கீது? ஓசியில உன் படத்தையும் மாட்டிவிடப் பாக்கறியா?" என்றாய். நானும் சிரித்தேன். பிறகு ஃபோனில் தேடிப் பார்த்து அந்தக் குடும்பத்துக் கதை முழுவதையும் எனக்குச் சொன்னாய். மகளுக்காகப் புருஷன், புருஷனுக்காக அவள் என்று வரிசையாகச் செத்த கதையைக் கேட்டு நான், "பாவம்டா" என்றேன். நீ, "இதில இன்னாப்பா பாவம்? அவங்கவங்க நியாயம் அவங்கவங்களுக்கு. ரத்தம்னா சும்மா வுடக் கூடாது. நம்ம அம்மா அந்தாளை வுட்டாங்களா?" என்றாய். கரும்பைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாய். நான் பிரஷ் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நீ ரயில் ஏறிய பிறகு அந்தப் படத்தை நான் திரும்பத் தலைகீழாக வைக்கவில்லை. நேராக வைத்து, வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நீ சொன்னது சரி, அது என் முகம்தான். அது மட்டுமில்லை. செத்தவளைச் சுட்டிக் காட்டுகிற கை இருக்கிறதே, அதன் ஆள்காட்டி விரல் நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. மூலப் படத்தில் அப்படி இல்லை, கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டுப் பார்த்தேன். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன விரல் யாருடையது என்று உனக்கும் தெரியும். உன் அம்மாவின் விரலை என்னை அறியாமல் அங்கே வரைந்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்த விரல் இருக்கிற அறையில் என்னால் சோறு தின்ன முடியவில்லை. துணி போட்டு மூடினேன். மூடினால் அது துணிக்குள்ளிருந்து காட்டியது. அவள் உயிரோடிருக்கும் வரை அந்த விரல் உன் பெரியப்பா இருக்கிற மாரிகுப்பத்துப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது என்னைக் காட்டுகிறது.

உன் தாய்மாமன் ஏழுமலை செத்தது உன் பெரியப்பாவால் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். ஊரிலும் அதுதான் பேச்சு. நடந்ததை இப்போது நான் சொல்கிறேன். மைனுக்குள் கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் ஒரு டோக்கன் போர்டு உண்டு. கீழே இறங்குகிறவன் தன் நம்பர் ஆணியில் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டு இறங்குவான், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஷிஃப்ட் முடிந்து கீழே பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால், போர்டைப் பார்த்து 'லெவல் காலி' என்று சொல்வதுதான் உன் பெரியப்பாவின் வேலை. போர்டில் நம்பர்கள் மங்கிப் போயிருந்தன, அவற்றை எழுதுவது என் வேலை. ஆணிகள் காலியாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்த ஞாயிறு நான் போகவில்லை. வீட்டில் ஒரு காலண்டர் சாமியைப் பார்த்துப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மதியம் பெயிண்ட் டப்பாவோடு போய் நின்றேன். அண்ணன், "இன்னாடா, ஆள் கீழ இருக்கறப்ப வந்து நிக்கற? ஒரே வரிசை எழுதிட்டு ஓடிடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த வரிசையில் தொங்கிய ஏழு டோக்கனையும் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுதினேன். ஆறை உடனே திருப்பி மாட்டினேன். ஏழுமலையின் நம்பரில் மட்டும் பெயிண்ட் கொஞ்சம் வழிந்துவிட்டது. துடைத்துத் திருத்தி எழுதினேன், நன்றாக வந்தது. டோக்கனை மாட்டினால் உரசி அழிந்துவிடுமே, காயட்டும், கடைசியில் மாட்டலாம் என்று பாக்கெட்டிலேயே விட்டேன். அதற்குள் யாரோ டீக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்ற ஒரு நினைப்பு, தம்பி. வேறு ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் போர்டைப் பார்த்தபோது அந்த ஆணி காலியாக இருந்தது. லெவல் காலி என்று சொன்னார். வெடி வெடித்தபோது ஏழுமலை கீழே சாமான்களை ஒதுக்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

விபத்துச் சங்கு ஊதியதும் ஊரே ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியது. அந்தக் கூட்டத்தில் அண்ணன் என்னைத் தேடிப் பிடித்துக் காதோரம் கேட்டார். "எல்லாத்தையும் திருப்பி மாட்டினியாடா?" நான் "மாட்டினேண்ணா" என்றேன். சாமி சத்தியமாக மாட்டிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி உதறியபோது டோக்கன் தரையில் விழுந்து உருண்டு கட்டிலடியில் போனது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. பக்கத்து அறையில் உன் அம்மா உன்னை ஐந்து மாதம் வயிற்றில் சுமந்துகொண்டு, தன் அண்ணன் ஏழுமலையின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அந்த நிமிஷம் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் உன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது.

விசாரணையில் உன் பெரியப்பா, 'ஆணி காலியா இருந்திச்சு, நான் பாத்தேன்' என்று அதையே சொன்னார். வேலை நாளில் நான் வந்து போர்டில் கை வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போகும், வீட்டில் மாசமான பெண்டாட்டி. அப்படி என்னைக் காப்பாற்றினார். "ஆணியில மாட்டின டோக்கன் கால் மொளைச்சி நடந்து போயிடிச்சா?" என்று உன் அம்மா எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டாள். மண்ணை வாரித் தூற்றினாள். அவருக்கு வேலை போயிற்று. பெண் கொடுக்க யாரும் வரவில்லை. என் வார்த்தையை அவர் நம்பியதால், தன் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணெதிரில் பார்த்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

உனக்குக் காது குத்தினபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மடியில் வைத்துக் குத்தினோம். உன் பெரியப்பா ஒரு ஜோடி சின்னக் கம்மலைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்து நம் லைன் வீடுகளின் முனையில் நின்றார். அம்மா அதை வாங்கித் தெருவில் எறிந்தாள். அவர் குனிந்து தேடிப் பொறுக்கினார், ஒன்று கிடைத்தது, மற்றது சாக்கடையில் போய்விட்டது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ ஒரு நாள் என்னைக் கேட்டாய், 'அவரு நெஜமாவே கெட்டவராப்பா?' என்று. 'அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றேன். பொய் சொல்லவில்லையாம், அப்படி ஒரு சாமர்த்தியம் எனக்கு. ப்ளஸ் டூ படிக்கும்போது மாரிகுப்பத்துக்குப் போய் அவர் வீட்டு ஜன்னலைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னாய். அம்மா உனக்குக் கேசரி கிளறிப் போட்டாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நானும் சாப்பிட்டேன், தம்பி. எனக்கு வேண்டாம் என்று கூடச் சொல்லவில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுக்குக் கீழே ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றதை நீ பார்த்தாய், என்னிடம் கண்ணால் காட்டிப் பல்லைக் கடித்தாய். உன் கையைப் பிடித்து அழுத்தினேன். நீ அதை என்னவென்று எடுத்துக்கொண்டாயோ. எனக்கு நின்றுபோகாமல் நடக்க ஒரு பிடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீ கோடு போட்ட சீட்டைப் பார்த்த பிறகு இதற்கு மேல் முடியவில்லை. போன ஞாயிறு காலையில் தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு நம் ஊரிகத்திலிருந்து நடந்தே மாரிகுப்பம் போனேன். டோக்கனையும் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் அது என் டர்பன்டைன் டப்பாவின் அடியில்தான் கிடந்தது, ஒவ்வொரு பிரஷ் கழுவும்போதும் அதன் மேல் ஒரு நிறம் படிந்து பித்தளையே தெரியாமல் போயிருந்தது. உன் பெரியப்பா வாடகைப் பாத்திரக் கடையில் வேலை செய்கிறார், தெரியுமா? எந்தக் கலியாணத்துக்குப் போகிற டம்ளரையும் இரண்டு தடவை எண்ணுவார், பிறகு சந்தேகம் வந்து மூன்றாவது தடவையும் எண்ணுவார். கடைப் பையன்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். நான் போனபோதும் கரண்டிகளைப் பரப்பி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாடா. இன்னா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். நான் வந்தால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவர் மனசில் பதிந்துபோயிருக்கிறது.

தட்டைக் கீழே வைக்காமலே டோக்கனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். இத்தனை வருஷமாக மனசில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நான்கே வரியில் முடிந்துவிட்டது. அவர் வேட்டி நுனியால் அந்த டோக்கனைத் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். நம்பர் தெரிந்ததும் நிறுத்தினார். கன்னத்தில் அறைவார் என்று நின்றேன், அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. டோக்கனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நான் சரியாத்தான் பாத்தனா?" ஆமாண்ணா என்றேன். "ஆணி காலியாத்தான் இருந்திச்சா?" ஆமாண்ணா. "நல்லா யோசிச்சிச் சொல்லுடா. காலியாத்தான் இருந்திச்சா?" மூன்று தடவை கேட்டார், தம்பி. அறுபது தாண்டின ஆள், பரீட்சையில் பாஸா என்று கேட்கிற பிள்ளை மாதிரி. அப்புறம் கரண்டிகளின் நடுவே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், ஆனால் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியமில்லை, நின்றே அழுதேன்.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருபத்தெட்டு வருசம்டா. ஒரு வார்த்த" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. பத்திரிகையை நீட்டினேன். வாங்கவில்லை. "நீ கூப்ட்டா நான் வர மாட்டேன். பையன் கூப்புடட்டும். அதுவும் விஷயம் தெரிஞ்சிட்டுக் கூப்புடட்டும். தெரியாம கூப்ட்டா அது இன்னா கூப்புடறது?" என்றார். கடையைப் பூட்டிக்கொண்டு என்னோடு தெருமுனை வரை வந்தார். பூட்டை ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தார்.

இனி நீதான். அந்தக் கிரேக்கக் கதையில் பெற்றவளைக் கொன்றவனைத் துரத்தின அந்த மூன்று பெண்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று நீயே பொங்கலன்று படித்துச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ஊர் கூடி உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே பேசி முடித்தார்கள், அதற்குப் பிறகுதான் அவர்கள் துரத்துவதை விட்டார்கள் என்றாய். அந்த இடத்தை யாரும் படமாகக் கேட்பதில்லை. வக்கீலும் கேட்கவில்லை. ரத்தம்னா விடக் கூடாது என்று நீ நினைத்தால், அந்த ரத்தம் என் சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் யாரையாவது நிறுத்த வேண்டுமென்றால் என்னை நிறுத்து. நான் வந்து தாலியைத் தொட்டுக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நீ நிதானமாக முடிவு செய். வேண்டாம் என்றாலும் வீட்டிலிருந்தே ஆசீர்வாதம் செய்வேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள எனக்கு இடமும் இல்லை. வக்கீலுக்கு வேறு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன், அதில் முகமும் விரலும் மூலத்தில் இருக்கிறபடியே இருக்கின்றன. என் முகம் இருக்கிற படத்தை ஹாலில் நேராக மாட்டியிருக்கிறேன். வந்து போகிறவர்கள் இது யார் என்று கேட்டால் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். அடுத்த ரயிலில் வா. ஊரிகத்தில் இறங்காதே, கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம் வரைக்கும் போ. அவர் கடையில் ஏதாவது எண்ணிக்கொண்டிருப்பார், முடிக்கும் வரை நின்று காத்திரு. அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்ததும் கல்லோடு வந்திருக்கிறானோ என்று ஒரு கணம் பின்வாங்குவார். அந்தக் கணம்தான் முக்கியம். பிறந்ததிலிருந்து நீ அவரை 'அந்த ஆள்' என்றுதான் சொல்லியிருக்கிறாய், நாங்கள் அப்படித்தான் பழக்கினோம். பத்திரிகையை நீட்டுவதற்கு முன்னால் 'பெரியப்பா' என்று கூப்பிடு.

உன் அப்பா